பின்னால் வந்த தீவு

கரூர் பேருந்து நிலையத்தில் இருபத்தேழு வருஷம் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து, திண்டுக்கல், மதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் என்று கடல் வரைக்கும் போகிற ஊர்களையெல்லாம் வரிசை தப்பாமல் சொல்லிக்கொண்டிருந்த அமராவதிக்கு, அதில் ஒன்றைக்கூடத் தான் பார்த்ததில்லை என்பது பணி ஓய்வு பெற்ற அன்று போர்த்திய சால்வையை வீட்டில் மடித்து வைக்கும்போதுதான் உறைத்தது. மறுநாளே கடைவீதிக்குப் போய், வெள்ளைக்காரர்கள் முதுகில் மாட்டிக்கொண்டு அலைவார்களே, ஆளில் பாதி உயரத்துக்கு, அந்த மாதிரிப் பை ஒன்றை நீல நிறத்தில் வாங்கிவந்து கூடத்தின் நடுவில் நிறுத்தினாள்.

அவளுடைய அண்ணன் சென்னியப்பன் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் மேஸ்திரி. சட்டத்துக்குள் சரியாக உட்காராத ஜன்னலைப் பார்ப்பதுபோல் அந்தப் பையைப் பார்த்தார்.

"எங்கே?"

"ஊர் பாக்கப் போறேனுங்கண்ணா. கடல் வரைக்கும்."

"தனியாவா?"

"ஆமாங்கண்ணா."

"அண்ணியையும் கூட்டிட்டுப் போ," என்று சொல்லிவிட்டு அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார். அண்ணியை யாரும் கேட்கவில்லை. அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்த கோமளா, அந்தத் தோசையைத் திருப்பிப் போட்டு, எடுத்து, அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "எனக்கும் இதே நீலத்துல வேணுமுங்க அம்மிணி," என்றாள்.

கோமளாவுக்கும் அமராவதிக்கும் முப்பத்தொரு வருஷமாக ஒரே கூரை. கோமளா மூன்று வயது சின்னவள்தான் என்றாலும் முறையில் அண்ணி. அமராவதி கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அவர்களுக்குள் பெரிய சண்டை என்று ஒன்று நடந்ததே கிடையாது, சின்னச் சண்டை நின்றதும் கிடையாது. பெருங்காயத்தை முதலில் போடுவதா கடைசியில் போடுவதா, மின்விசிறியை மூன்றில் வைப்பதா நான்கில் வைப்பதா, ஈரத்துணியை உதறிக் காயப்போடுவதா உதறாமல் போடுவதா என்று அது ஒரு நாள் விட்ட இடத்தில் மறுநாள் தொடங்கி, இருவருக்கும் வயதானதுபோல் அதற்கும் வயதாகிக்கொண்டிருந்தது. அமராவதியின் பையில் இரண்டு சேலை, ஒரு டார்ச், பேருந்து கால அட்டவணை. கோமளாவின் பையில் இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல், அரிசி, ஒரு தேங்காய் துருவி, பக்கவாட்டில் செருகிய ஒரு விளக்குமாறு.

"விளக்குமாறு எதுக்குங்க அண்ணி?"

"போற எடம் எப்படி இருக்குதோ."

இப்படிப் புறப்பட்ட இரண்டு பேரும் டவுன் பஸ்ஸிலும், உப்பு ஏற்றப் போகிற காலி லாரியிலும், ஆறு வெள்ளாடுகளோடு ஒரு குட்டியானை வண்டியிலும், கொஞ்சம் நடந்தும், சத்திரத்திலும் கோயில் மண்டபத்திலும் படுத்தெழுந்தும் தெற்கே போனார்கள். ஒவ்வோர் ஊரிலும் இறங்கியதும் அமராவதி முதலில் அந்த ஊரின் பெயரைத் தன் பழைய குரலில் ஒருமுறை உரக்கச் சொன்னாள். இத்தனை வருஷம் பெயரை மட்டும் வைத்துக்கொண்டிருந்தவளுக்கு ஊரையும் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. பரமக்குடியில் அந்தக் குரலை நம்பி மூன்று பேர் தவறான பஸ்ஸில் ஏறிப் போனார்கள். கோமளா நாலடி பின்னால், கூட வராதவள்போல் நடந்தாள்.

ஆறாம் நாள் தார் ரோடு முடிந்து மணல் தொடங்கிய இடத்தில் நண்டுமுனை இருந்தது. நாற்பது ஐம்பது வீடு, ஒரு மாதா கோயில், கரை நெடுகக் கருவாடு காயும் களம், களத்தின் ஓரத்தில் லெயோனம்மாளின் இட்லிக் கடை. லெயோனம்மாளின் புருஷன் தொம்மை பர்னாந்துவிடம் ஒரு வள்ளம் இருந்தது. ஊரில் எல்லோரும் எஞ்சின் வைத்து ஓட்டினார்கள். தொம்மையின் எஞ்சின் இரண்டு வருஷமாக ரிப்பேரில் கிடந்ததால் அவர் மட்டும் அந்தக் காலத்து மாதிரி பாய் விரித்து ஓட்டினார். அமராவதிக்கு அதுதான் வேண்டியிருந்தது. ஓய்வு பெற்ற பெண் ஒருத்தி பாய்மர வள்ளத்தில் தீவுக்குப் போக வேண்டுமென்று கேட்டதும் தொம்மை தன் எஞ்சினை ரிப்பேர் பார்க்காததற்கு இத்தனை நாள் கிடைக்காத ஒரு காரணம் கிடைத்துவிட்டதாக நினைத்து, பொண்டாட்டியின் பக்கம் திரும்பி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பதினோரு மைல் தள்ளி ஒத்தப்பனைத் தீவு என்று ஒன்று உண்டு. ஆள் கிடையாது. ஒரே ஒரு பனை, நூறு நூற்றைம்பது தென்னை, வெள்ளை மணல், நடுவில் நல்ல தண்ணீர் ஊறும் பள்ளம். தென்காற்றைப் பிடித்துப் போனார்கள். கரை மறைவதற்குள் அமராவதி வள்ளத்தின் ஓரத்தில் தலையைத் தொங்கவிட்டுக் காலை இட்லியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டாள். கோமளாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. தொம்மை பாயின் கயிற்றைச் சும்மா பிடிக்கக் கொடுத்தார். காற்று திரும்பும் முன்பே அவள் கயிற்றைத் தளர்த்தி, திரும்பியதும் இழுத்துப் பிடித்தாள்.

"யம்மா, நீங்க முன்னாடி வள்ளத்துல போயிருக்கியளா?"

"இல்லீங்க. முப்பத்தொரு வருஷமா மாடியில வேட்டி காயப்போடறேன். காத்து எந்தப் பக்கம் திரும்புமுன்னு கைக்குத் தெரியுமுங்க."

தீவில் இறங்கியதும் காற்று செத்துவிட்டது. இரண்டு நாள் அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று. அமராவதி தீவை முக்கால் மணி நேரத்தில் சுற்றிவந்து, அதன் பெயரை உரக்கச் சொல்லிவிட்டு, மணலில் படுத்து வானத்தைப் பார்த்தாள். கோமளா விளக்குமாற்றை எடுத்துப் பெருக்கினாள். தென்னையடிகளில் பல காலமாக விழுந்து மட்கிக் கிடந்த ஓலைகளை ஒதுக்கி, பாளைகளை அடுக்கி, தண்ணீர்ப் பள்ளத்தில் மிதந்த சருகை வாரிப்போட்டு, தேங்காய் துருவிப் பொங்கி, மூன்று பேருக்கும் இலையில் வைத்து, சாப்பிட்ட இடத்தையும் மெழுகாத குறையாகத் துடைத்தாள். மூன்றாம் நாள் காலை பாய் உப்பியது. வள்ளத்தில் காலை வைத்த கோமளா திரும்பி, சாப்பிட்ட வீட்டுக்காரர்களிடம் சொல்வதுபோல், "போயிட்டு வர்றோம்," என்று தீவிடம் சொல்லிக்கொண்டு ஏறினாள்.

பாதிக் கடல் வந்திருக்கும். தொம்மை பின்னால் பார்த்தார். பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார்.

"யம்மா, தீவு வருது."

அமராவதி தலையைத் தொங்கவிட்ட நிலையிலேயே கேட்டாள், "எந்தத் தீவுங்க?"

"நாம இருந்த தீவுதான். வேற தீவுக்கு நான் எங்க போவேன்."

தண்ணீரில் இறங்கிய எருமை மார்பால் அலையைத் தள்ளிக்கொண்டு வருவதுபோல், முன்பக்கம் நுரை விலக, ஒற்றைப் பனையும் தென்னைகளும் லேசாக ஆடிக்கொண்டு, மேலே உட்கார்ந்திருந்த பறவைகள் உட்கார்ந்தபடியே இருக்க, தீவு வந்துகொண்டிருந்தது. வள்ளம் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக வந்தது, பாய் நன்றாகப் பிடித்தால் கொஞ்சம் ஓட்டமாக வந்தது. தொம்மை கடலில் எத்தனையோ பார்த்தவர் என்பதால் பீடியை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். கோமளா ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முன்னால் பார்த்து உட்கார்ந்தாள்.

நண்டுமுனைக் கரையில் மீன் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். தீவு கரைக்கு நானூறு அடி தள்ளி வந்து, மூச்சு வாங்குவதுபோல் ஒருமுறை ஏறி இறங்கி நின்றது.  பிறகு லெயோனம்மாள் கடையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, இடுப்பில் கைவைத்துப் பார்த்து, "நெழல் கருவாட்டு மேல விழுது. கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க," என்றாள்.

அதுதான் ஊரின் முதல் பேச்சு. கடைசி வரைக்கும் முக்கியப் பேச்சும் அதுவாகவே இருந்தது. கிழக்கே நின்ற தீவு காலை பத்து மணி வரைக்கும் சூரியனை மறைத்தது. பத்துக்கு மேல் வந்த வெயில் கருவாட்டுக்குப் போதவில்லை. மற்றபடி நண்டுமுனை தீவைத் தன் வழக்கத்துக்குள் கொண்டுவர ஒரு வாரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் ஆடுகள் நீந்திப் போய்ப் புல் மேய்ந்து சாயங்காலம் திரும்பின. அடுத்தது ஆண்கள் சீட்டுக்கட்டோடு போனார்கள். அதைப் பார்த்த பெண்கள், மதியச் சமையல் முடிந்ததும் பொழுது சாய்கிறவரைக்கும் தீவு தங்களுக்கு என்று கோயில் முற்றத்தில் கூட்டம் போட்டுத் தீர்மானித்துவிட, ஆண்கள் சீட்டுக்கட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிவந்தார்கள். வடக்குத்தெருக்காரர்கள் தீவு எங்கள் தெருவுக்கு நேராக நிற்கிறது என்றார்கள். தெற்குத்தெருக்காரர்கள் அது வந்த திசை எங்கள் திசை என்றார்கள். ஒரு மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டின் ஜன்னலிலிருந்து தீவு தெரிவதைப் பார்த்துவிட்டு அங்கேயே வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். மாதா கோயில் உபதேசியார், இது வந்த விஷயத்தை மேலிடத்துக்கு எழுதுவதா, எழுதினால் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று நாலு நாள் யோசித்து, கடைசியில் மழை வேண்டி எழுதும் கடிதத்தின் அடியில் ஒரு வரி சேர்த்து அனுப்பினார். அளந்து எழுத ஓர் அதிகாரி வந்தார். முதல் நாள் கரையிலிருந்து நானூறு அடி என்று எழுதினார். மறுநாள் சரிபார்த்தபோது முந்நூற்றிருபது இருந்தது, மூன்றாம் நாள் நானூற்றைம்பது. "சராசரியாக அருகில் உள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, லெயோனம்மாள் கடையில் ஆறு இட்லி சாப்பிட்டுப் போனார்.

தீவு வந்தது யாருக்காக என்பதில் ஊருக்குச் சந்தேகமே இல்லை. உயரமும் கனத்த குரலுமாக, எந்த ஊருக்கு எப்போது பஸ் என்று கேட்ட மாத்திரத்தில் சொல்லக்கூடிய அமராவதியம்மாளைத் தவிர ஒரு தீவு வேறு யார் பின்னால் வரும்? அவளுக்கு மாலை போட்டார்கள். கோயில் திருநாளில் ஊர்ப் பெரியவர்கள் உட்காரும் கைவைத்த நாற்காலியைக் கரையில் போட்டு உட்காரவைத்தார்கள். பெயருக்குப் பதில் தீவம்மா என்றார்கள். அமராவதி முதல் நாள் கூச்சப்பட்டாள், இரண்டாம் நாள் மாலைக்குக் கழுத்தைக் குனிந்தாள், மூன்றாம் நாள் மாலை வரத் தாமதமானபோது ஏன் என்று கேட்டாள். கோமளா இட்லிக் கடையில் லெயோனம்மாளுக்கு மாவாட்டிக் கொடுத்தாள், பொழுது கிடைத்தபோதெல்லாம் தொம்மையோடு வள்ளத்தில் ஏறி, பாய் மாற்றவும் சுக்கான் பிடிக்கவும் கற்றுக்கொண்டாள்.

கரூரிலிருந்து சென்னியப்பன் நாள் தவறாமல் கோமளாவுக்குப் போன் செய்தார்.

"சர்க்கரை டப்பா எங்கே?"

"மேல் தட்டுல, சீரகத்துக்குப் பின்னால."

"சீரகம் எது?"

தீவு வந்த பத்தாம் நாள், ஊர் பார்த்தது போதும், புறப்படலாம் என்று அமராவதி முடிவுசெய்தாள். இருவரும் பையை மாட்டிக்கொண்டு காலை பஸ்ஸில் ஏறினார்கள். பஸ் மூன்று கிலோமீட்டர் போயிருக்கும், பின்னால் நாலு மோட்டார் சைக்கிள்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு துரத்திவந்து பஸ்ஸை நிறுத்தின. தீவு கரையேறப் பார்க்கிறதாம். இரண்டு வள்ளம் நொறுங்கிவிட்டதாம், படகு கட்டும் பாலத்தில் பாதி காணோமாம், லெயோனம்மாளின் இட்லிக் கொப்பரை வரை தண்ணீர் வந்துவிட்டதாம். அவர்கள் கரைக்குத் திரும்பிவந்ததும், தன் மேல் தவறில்லை என்பதுபோல் தீவு ஒன்றும் தெரியாத முகத்தோடு பழைய இடத்துக்கு நகர்ந்துபோனது.

அன்று சாயங்காலம் ஊர் கூடியது. உடைந்த வள்ளத்துக்குச் சொந்தக்காரர்கள் உடைந்த பலகைகளை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"தீவம்மா போனா நாங்க பொழைக்க முடியாது, இருந்தா எங்க கருவாடு காயாது," என்றார் தொம்மை. "நீங்கதான் அதுகிட்ட சொல்லணும். நல்லபடியா பழைய எடத்துக்கே போகச் சொல்லணும்."

கோயில் ஒலிபெருக்கியைக் கரைக்குக் கொண்டுவந்து கட்டினார்கள். மறுநாள் காலை ஊரே நிற்க, அமராவதி தொண்டையைச் சரிசெய்துகொண்டு, இருபத்தேழு வருஷத்துக் குரலை முழுதாக எடுத்து, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, ஒத்தப்பனைத் தீவு, கடல் மார்க்கமாகத் தன் சொந்த இடத்திற்கு இப்போது புறப்படுகிறது," என்றாள். தீவு அசையவில்லை. இரண்டாம் முறை சொன்னாள். மூன்றாம் முறை வழியில் எங்கெங்கே நிற்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். ஓர் ஆடு மட்டும் தீவிலிருந்து இறங்கி நீந்திவந்தது. ஊர் மரியாதையாகக் கலைந்து போனது. மத்தியானத்துக்கு மேல் நாற்காலியைக் காணவில்லை.

அந்த அவமானத்தில் சரியாகத் தூங்காத அமராவதி, விடிந்தும் விடியாத நேரத்தில் கரைக்கு வந்தபோது, அங்கே கோமளா தனியாக நின்றிருந்ததைப் பார்த்தாள். கோமளா வடக்கே பத்து எட்டு நடந்தாள். தீவு வடக்கே நகர்ந்தது. தெற்கே திரும்பினாள். தீவும் திரும்பியது. முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி நின்றாள். தென்னைகள் சலசலக்கத் தீவு அருகில் வந்து, ஒரு கை எட்டும் தூரத்தில் நின்றது. கோமளா சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை அமராவதி முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்பது, தீவு நகர்ந்ததைவிட அவளை அதிகம் உலுக்கியது.

"எப்ப இருந்து தெரியுமுங்க அண்ணி?"

கோமளா திடுக்கிடவில்லை. "வள்ளத்துல வரும்போதே. நான் கொஞ்சம் இந்தப் பக்கம் சாஞ்சு உக்காந்தா அதுவும் சாஞ்சுது."

"ஏன் சொல்லலை?"

"உங்களுக்கு மாலை போட்டாங்க. நாற்காலியில உக்காந்திருந்தப்ப நல்லா இருந்தீங்க அம்மிணி. எதுக்குக் கெடுக்கறதுன்னு விட்டுட்டேன்."

அமராவதி மணலில் உட்கார்ந்தாள். ஒலிபெருக்கியில் சொன்ன மூன்று அறிவிப்பும் ஒன்றன்பின் ஒன்றாகக் காதில் கேட்டன. கோபமாகத்தான் ஆரம்பித்தது, ஆனால் கோபத்தைக் கொண்டுபோய் வைக்க இடம் எதுவும் கிடைக்கவில்லை.

"அது ஏன் உங்க பின்னால வருது?"

"எனக்கென்ன தெரியும்," என்றாள் கோமளா. சேலையைப் பிழிந்துவிட்டுக்கொண்டே சொன்னாள், "நான் எந்திரிச்சுப் போனா, எங்கே போறேன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் திரும்பிப் பாத்ததில்லீங்க. இது கூடவே வருது. அதைப் போய், ஏன் வர்றேன்னு எப்படிக் கேக்கறது?"

 அமராவதியின் மனத்துக்குள் கூடமும், கூடத்து நாற்காலிகளும், தட்டு காலியானதும் தானாக நிரம்புவதுபோல் நிரம்பிய சோறும், வாசற்படியில் ஈரத்தலையோடு போய்வந்துகொண்டிருந்த ஓர் உருவமும் வந்துபோயின. அந்த உருவம் எங்கே போகிறது என்று ஒருநாளும் தானும் கேட்டதில்லை.

ஊருக்கு விஷயத்தை அமராவதியே சொன்னாள். சொல்வதற்கு ஒலிபெருக்கியை எடுத்துக்கொள்ளவில்லை. ஊர் கொஞ்சம் யோசித்துவிட்டு, நாற்காலியைத் தேடியெடுத்து இட்லிக் கடைக்கு முன் போட்டது. கோமளா அதில் மாவுத் தூக்கை வைத்தாள்.

சென்னியப்பன் மறுவாரம் நேரிலேயே வந்துவிட்டார். ஒரு பக்கம் மட்டும் இஸ்திரி போட்ட சட்டையும் இளைத்த கன்னமுமாக வந்தவர், கரையில் நின்று தீவை அடியிலிருந்து உச்சி வரைக்கும் பார்த்து, "சட்டம் கோணலா இருக்குது," என்றார். பிறகு கோமளாவிடம் திரும்பினார்.

"வீட்டுக்கு எப்ப வர்றே?"

"வந்தா இது கரையேறுமுங்க. ரெண்டு வள்ளம் ஏற்கெனவே போச்சு."

"அதுக்காக?"

"இங்கயே இருந்தா இவங்களுக்குக் கருவாடு காயாது."

"அப்புறம் என்னதான் பண்றது?"

கோமளா இதை ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தது அவள் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. "ஒரே ஊருல நின்னாத்தானே பாரம். ஊருக்கு நாலு நாள் நின்னுட்டு நகர்ந்துட்டா யாருக்கும் தொந்தரவு இல்லை. நான் வள்ளத்துல முன்னால போறேன். அது பின்னால வரட்டும். கரை நீளமா கெடக்குது."

சென்னியப்பன் பொண்டாட்டியை முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தார். "வள்ளம் ஓட்டத் தெரியுமா உனக்கு?"

"தெரியுமுங்க."

லெயோனம்மாள் கடைக்குள்ளிருந்தே குரல் கொடுத்தாள். "எங்க வள்ளத்தை எடுத்துட்டுப் போங்க மைனி. அப்பவாச்சும் இந்த மனுசன் வேற வள்ளம் பாத்து எஞ்சினை ரிப்பேர் பண்ணுவாரு." தொம்மை பீடியைத் தேடி மடியைத் துழாவினார்.

"நீங்களும் வாங்க," என்றாள் கோமளா புருஷனிடம். கேலியாகச் சொல்லவில்லை.

அவர் தண்ணீரைப் பார்த்தார், தீவைப் பார்த்தார், தன் செருப்பைப் பார்த்தார். "பட்டறையில வேலை கெடக்குது," என்றார். அன்று மத்தியான பஸ்ஸுக்கே போய்விட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்தவர் பஸ் திரும்புகிற வரைக்கும் தீவையே பார்த்துக்கொண்டு போனதை அமராவதி கவனித்தாள். அவர் கூப்பிட்டும் அவள் அந்த பஸ்ஸில் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்று அவளுக்கே இரண்டு நாள் பிடிபடவில்லை.

கோமளா அரிசியும் தண்ணீர்க் குடங்களும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டிருந்த காலையில்தான் பிடிபட்டது. கரூர் வீட்டுக்குத் திரும்பிப் போனால் மின்விசிறி மூன்றில் ஓடினாலும் நான்கில் ஓடினாலும் கேட்க ஆளிருக்காது. அமராவதி தன் நீலப் பையைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் ஓரம் வரைக்கும் போய் நின்றாள். வாழ்நாளில் அண்ணியிடம் எதையும் கேட்டு வாங்கியதில்லை, எடுத்துக்கொண்டுதான் பழக்கம். அதனால் வார்த்தை வர நேரமாயிற்று.

"நானும் வரட்டுங்களா அண்ணி?"

கோமளா கயிற்றைச் சுருட்டினாள். சுருட்டிய கயிற்றை அவிழ்த்து மறுபடி சுருட்டினாள். அமராவதியை நிற்கவைத்துக்கொண்டு, ஒரு குடத்தை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் மாற்றினாள்.

"எறங்கற ஊருல எல்லாம் கத்தக் கூடாது."

"சரிங்க."

"வாந்தி எடுக்கறதுன்னா காத்துக்கு எதிர்ப்பக்கம் எடுக்கக் கூடாது."

"சரிங்கண்ணி."

"ஏறுங்க அம்மிணி. காத்து மாறறதுக்குள்ள போயிரலாம்."

ஊர் கரைக்கு வந்து வழியனுப்பியது. பெண்கள் ஆளுக்கொரு மரத்தைத் தொட்டுவிட்டுத் தீவிலிருந்து இறங்கி நீந்திவந்தார்கள். இரண்டு ஆடுகள் இறங்க மாட்டோம் என்று அங்கேயே இருந்துவிட்டன, அவற்றின் சொந்தக்காரியும் போகட்டும் என்று விட்டுவிட்டாள். பாய் உப்பியது. வள்ளம் முன்னால் போக, தீவு ஒருமுறை ஏறி இறங்கி, பின்னாலேயே போயிற்று. பனை கண்ணுக்கு மறைவதற்கு முன்பே லெயோனம்மாள் முதல் கூடைக் கருவாட்டை வெயிலில் கொட்டிப் பரப்பிவிட்டாள்.

அதன்பிறகு அந்தக் கரை நெடுகிலும் தீவு வருகிற நாள் என்று ஒன்று வழக்கமாகிவிட்டது. ஓர் ஊரில் அன்றைக்குப் பள்ளிக்கூடம் அரை நாள். இன்னோர் ஊரில் துணி துவைப்பதை அன்றைக்கென்று சேர்த்து வைத்து, நல்ல தண்ணீர்ப் பள்ளத்தில் கொண்டுபோய் அலசினார்கள். வேறோர் ஊரில் யாரும் ஒன்றும் செய்யவில்லை, பகல் முழுக்கத் தீவுக்குப் போய்ப் படுத்துவிட்டு வந்தார்கள். நாலாம் நாள் காலை கோமளா தென்னையடிகளைப் பெருக்கி முடித்ததும், அமராவதி நங்கூரத்தை இழுப்பாள். இப்போதெல்லாம் அவளுக்கு வாந்தி வருவதில்லை. பெருங்காய வழக்கு மட்டும் நடுக்கடலில் நாள் தவறாமல் நடந்தது.

கரூரில் சென்னியப்பனுக்குச் சீரகம் எது என்று தெரிந்துவிட்டது, சோம்பு எது என்பதும் தெரிந்துவிட்டது. ஒருநாள் பட்டறையில் லீவு சொல்லிவிட்டுக் கடைவீதிக்குப் போய், முதுகில் மாட்டுகிற பை ஒன்று வாங்கினார். நீலம் தீர்ந்துபோயிருந்ததால் பச்சை. எந்த ஊரில் தீவு நிற்கிறது என்று விசாரித்து விசாரித்து, பஸ் மாறி மாறி, ஒரு காலை நேரத்தில் அந்தக் கரையில் போய் இறங்கி, செருப்போடு மணலில் நின்றார். எதிரே தீவு நின்றது. தென்னைகளுக்கு நடுவில் கொடி கட்டி இரண்டு சேலைகள் காய்ந்துகொண்டிருந்தன. அவர் கையைத் தூக்கிக் காட்டினார். கோமளா பார்த்தாள், பெருக்குவதை நிறுத்தவில்லை. அமராவதி வள்ளத்தை எடுக்கப் போனாள், கோமளா வேண்டாம் என்று தலையசைத்தாள். தீவும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். யாரும் வரப்போவதில்லை என்பது உறுதியானதும் செருப்பைக் கழற்றி மணலில் வைத்து, வேட்டியை மடித்துக் கட்டி, பச்சைப் பையைத் தலைமேல் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். கணுக்கால் வரை வந்தபோது தீவு அசையவில்லை. முழங்கால் வரை வந்தபோதும் அசையவில்லை. இடுப்பளவு தண்ணீரில், அலை ஒன்று வயிற்றில் மோதிக் கால் தடுமாறி, பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் அடுத்த எட்டு எடுத்து வைத்தபோதுதான் கோமளாவின் விளக்குமாறு நின்றது, தீவு மெல்லக் கிளம்பி அவரை நோக்கி வந்தது.